சுமைதாங்கியும் மின்னேற்றியும்

கொழும்பிலிருந்து புத்தளம் நோக்கிச் செல்லும் பெருந்தெரு சிலாபத்தைக் கடந்து வடக்கே ஏகுங்கால் முந்தலை அடைகின்றது. ஒருபுறம் களப்பு, அதற்கப்பால் மணற்றிடல், அதற்கும் அப்பால் கடல். இறாற் பண்ணைகளும் தென்னந்தோப்புகளும் கண்ணிற் படுகின்றன. கற்பிட்டிக்கும் வில்பத்துவுக்கும் உல்லாசமாகச் செல்வோர் இவ்வழியே செல்கின்றனர். அவர்களுள் மிகப் பலர் இவ்வூரில் இறங்குவதில்லை. வேகமாகச் செல்வோனுக்குச் சிற்றூர் என்பது தூரத்தைக் காட்டும் ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவே.

இத்தகைய பெருந்தெருக்களின் ஓரங்களில் இன்று ஒரு புதிய பொருள் தோன்றி வருகின்றது. மின்சாரக் காரில் நெடும்பயணம் செய்வோருக்கான விரைவு மின்னேற்ற நிலையமே அது. எங்கே அமைப்பது, எவ்வளவு வலுவுடன் அமைப்பது, எத்தனை கிலோமீற்றருக்கு ஒன்று அமைப்பது என்பன பொறியியலாளர் விடைகூற வேண்டிய வினாக்கள். ஆனால் அவற்றின் பின்னே வேறொரு வினா நிற்கின்றது. ஒரு சமுதாயம் யாருடைய காத்திருப்பைக் குறைப்பதற்குத் தன் செல்வத்தையும் அறிவையும் முதலிற் செலவிட வேண்டும்? இது நீதி பற்றிய வினா. இதற்கு விடைகூறும் பொறுப்பு நம் எல்லோருக்கும் உண்டு.

முதலில் பொருளின் தன்மையை அறிந்துகொள்வோம். கம்பியில் வருவது ஆடலோட்ட மின்சாரம். மின்கலம் ஏற்பதோ நேரோட்ட மின்சாரம். வீட்டில் ஏற்றும்போது, காரினுள்ளே இருக்கும் சிறு கருவியொன்று இம்மாற்றத்தைச் செய்கின்றது. மூன்று கிலோவாற்று அளவில் 30 அலகு ஏற்றப் பத்து மணித்தியாலம் வேண்டும். விரைவு நிலையத்திலோ அம்மாற்றத்தை வெளியே நிற்கும் பெரும்பொறி செய்து, மின்சாரத்தை நேரே கலத்துக்குள் செலுத்துகின்றது. 50 கிலோவாற்றுப் பொறி முழு வலுவுடன் இயங்கினால் அதே 30 அலகை முப்பத்தாறு நிமிடத்தில் ஏற்றிவிடும். ஒரு சிறிய கார் கொழும்பிலிருந்து புத்தளம் வந்து சேர அது தாராளமாகப் போதும்.

இந்த 30 என்னும் எண்ணைச் சற்று நினைவில் வைத்துக்கொள்வோம். நம் நாட்டின் வீட்டு மின்கட்டணப் பட்டியலில் முதற்படி மாதத்துக்கு 30 அலகு. விளக்குகள் சிலவற்றோடு வாழ்க்கையை நடத்தும் எளிய குடும்பம் ஒன்று ஒரு மாதத்துக்கெனச் சிக்கனமாக எண்ணி எண்ணிச் செலவிடும் மின்சாரம் அது. ஒருவர் தேநீர் அருந்தி முடிப்பதற்குள் அவர் காருக்குள் இறங்குவது ஓர் ஏழை வீட்டின் ஒரு மாத வெளிச்சம். இதைக் காரோட்டியின் மீது குற்றமாக நாம் சொல்லவில்லை. அவர் விலை கொடுத்தே வாங்குகின்றார். எனினும் இவ்விரு அளவுகளும் ஒரே கம்பியிலிருந்து வருகின்றன என்பதை மறந்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

மின்சார வாகனத்தை நாம் எதிர்ப்பவரல்லர். பெற்றோலையே நம்பியிருந்த நாடு எந்நிலைக்கு ஆளாகும் என்பதை 2022ஆம் ஆண்டு நமக்குக் கற்பித்தது. நாட்கணக்காக வரிசையில் நின்ற மக்களையும், வரிசையிலேயே மாண்ட முதியவர்களையும் நாம் மறப்பதெங்ஙனம்? 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டபோது மின்சாரக் கார்கள் பெருகி வந்தன. புகையற்ற, எண்ணெய்க் கப்பலை எதிர்பாராத போக்குவரத்து வளர்வது நன்றே. நமது வினா அவ்வளர்ச்சியின் வரிசைமுறை பற்றியது.

இந்தக் கரையோரம் காத்திருப்பின் பல வடிவங்களை அறியும். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் இப்புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்து, ஊர் திரும்பும் நாளை எண்ணி ஆண்டுக்கணக்கில் ஓலைக் குடிசைகளில் இருந்தனர். முந்தலுக்கு அருகே உடப்பிலும் மற்றைய மீன்பிடிக் கிராமங்களிலும் கடலையே நம்பி வாழ்வோர், 2022இல் மண்ணெண்ணெய் இன்றிப் படகுகளைக் கரையில் ஏற்றிவிட்டு இருந்தனர். அவ்வாண்டு ஓகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. எண்ணெய் வந்தது, வாங்கத்தான் வழியில்லை. தெருவோர நிழற்குடையின் கீழ் பஸ்ஸுக்காக நிற்கும் மாணவனும், மருத்துவமனை செல்லும் தாயும் நாள்தோறும் காத்திருக்கின்றனர். அவர்களுடைய அரைமணி நேரத்தை மிச்சப்படுத்த எவர் திட்டம் தீட்டினார்?

பொருளியல் யாவும் இறுதியிற் காலத்தின் சிக்கனமாகவே முடிகின்றது என்பது மார்க்ஸ் கண்ட உண்மை. அப்படியாயின், சிலருடைய நிமிடங்கள் பொன்னாகவும் பலருடைய நாட்கள் பதராகவும் மதிக்கப்படும் சமுதாயத்தில், காலமும் நிலத்தைப் போலவே ஏற்றத்தாழ்வாகப் பங்கிடப்பட்டிருக்கின்றது என்றுதானே கொள்ள வேண்டும்?

நம் முன்னோர் வழிப்போக்கரைப் பற்றி எண்ணிய முறையை இங்கே நோக்குவது பயன் தரும். யாழ்ப்பாணத்துத் தெருக்களிலும் தமிழ்நாட்டுச் சாலைகளிலும் சுமைதாங்கிகளை நாம் கண்டிருக்கின்றோம். தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கவும் மீண்டும் ஏற்றவும் ஏற்ற உயரத்தில் அமைந்த கல் அது. அருகே கேணி, மடம், மாடு உரிஞ்சிக்கொள்ள ஆவுரிஞ்சிக் கல். பல்லக்கில் வந்தவனுக்குச் சுமைதாங்கி வேண்டியதில்லை. குதிரையில் வந்தவனுக்கும் வேண்டியதில்லை. தெருவிலே மிகக் களைத்தவர் யார் என்று கேட்டு, அவருடைய தலையின் உயரத்துக்கு அளவெடுத்து நாட்டப்பட்ட கல் அது. வழியோர வசதி என்பதன் இலக்கணம் அக்கல்லில் இருக்கின்றது.

பழமையை நாம் போற்றிப் பாடவும் முற்படவில்லை. அந்தத் தண்ணீர்ப்பந்தலிலும் மடத்திலும் சாதி பார்த்தே நீரும் இடமும் தரப்பட்டன. நம் காலத்திற்கு அண்மையிலேயே, 1966இல் யாழ்ப்பாணத்தில் எழுந்த தீண்டாமை ஒழிப்புப் போராட்டம், கோயில் வாசலில் மட்டுமன்றித் தேநீர்க் கடை வாசலிலும் நடந்தது. தெருவோரத்து இருக்கையும் குவளையும் எல்லோருக்கும் உரியவை என்பது இரக்கத்தால் வந்த பேறன்று. போராடிப் பெற்ற உரிமை. எனவே புதிய வழியோர வசதி ஒன்று எழும்போது, அதன் கதவு யாருக்குத் திறக்கின்றது என்று கேட்பது நமது மரபுக்கு அந்நியமானதன்று.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதை எளிதாகத் தள்ளிவிடலாகாது. "எந்தப் புதுமையும் முதலில் வசதி படைத்தோரிடமே வரும். அவர்கள் வாங்க வாங்க விலை குறையும்; பின்னர் எல்லோருக்கும் எட்டும்" என்பர். மின்கலத்தின் விலை அவ்வாறு குறைந்து வந்திருப்பது உண்மையே. ஆயினும் நம் நாட்டு வரலாறு வேறொன்றையும் சொல்கின்றது. நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் பெறும் யோசனையை விமலசுரேந்திரா 1918இல் முன்வைத்தார். லக்சபானாவின் முதற்கட்டம் நிறைவேறியது 1950இல். அம்மின்சாரம் பின்னர்க் குக்கிராமங்களை எட்டியது பொதுத் தீர்மானத்தாலும் பொதுப் பணத்தாலுமே. 1945இல் கன்னங்கரா இலவசக் கல்வியை நிலைநாட்டியபோது, கட்டணம் கட்டக்கூடியவர் படித்து முடிக்கும்வரை ஏழைப் பிள்ளை பொறுத்திருக்கட்டும் என்று சொல்லவில்லை. 1958 ஜனவரியில் பஸ் சேவை நாட்டுடைமையாக்கப்பட்டது, இலாபம் தராத தெருவிலும் மக்கள் வாழ்கின்றனர் என்ற எண்ணத்தின் பேரிலேயே. விலை தானாக இறங்கலாம். நீதி தானாக இறங்கி வருவதில்லை.

மின்சாரம் எங்கிருந்து வருகின்றது என்பதையும் முந்தலில் நின்று பார்க்கலாம். வடக்கே, கற்பிட்டிக் குடாநாட்டில், நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் இருக்கின்றது. மூன்று பொறிகள், ஒவ்வொன்றும் 300 மெகாவாற்று, முதலாவது 2011இல் இயங்கத் தொடங்கியது. கரியைக் கப்பல்கள் கடல் கடந்து கொண்டுவருகின்றன. சுற்றியுள்ள கிராமத்தவர் சாம்பலும் கரித்தூசியும் தம் பயிர்மேற் படிவதாக முறையிட்டு வந்துள்ளனர். 2025 பெப்ரவரி 9ஆம் நாள் நாடெங்கும் மின்சாரம் நின்றபோது இப்பொறிகளும் நின்றன. அடுத்து வந்த நாட்களில் மக்கள் மின்வெட்டைத் தாங்கினர். நகரத்துக் கார் புகை கக்குவதில்லை; அதன் புகையில் ஒரு பகுதியை இக்கடற்கரை கக்குகின்றது. தூய்மையை ஒருவர் பெற, தூசியை மற்றொருவர் பெறுவதைத் தூய்மை என்று மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதே ஆண்டு ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்தபோது, கூரைச் சூரியக் கலங்களைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. வெயில் மிஞ்சிக் கிடந்தது; பயன்படுத்துவாரில்லை. நண்பகலில் ஏற்றப்படும் வாகனம் அந்த வெயிலை உண்ணும். மாலை விளக்கேற்றும் வேளையில் ஏற்றப்படும் வாகனம் கரியையும் எண்ணெயையும் உண்ணும். ஆகவே எப்போது ஏற்றுகின்றோம் என்பதும் ஒழுக்கம் பற்றிய வினாவாகிவிடுகின்றது.

நாம் கோருவது யாது? பெருந்தெருவில் மின்னேற்ற நிலையம் எழட்டும். ஆனால் அது விடுதியின் முற்றத்தில் மட்டுமன்றிப் பஸ் நிலையத்திலும் எழட்டும். அதில் முதலிடம் பொதுப் பேருந்துக்கும் முச்சக்கர வண்டிக்கும் மீன் ஏற்றும் சிறு வண்டிக்கும் கிடைக்கட்டும். மண்ணெண்ணெயை நம்பிய படகுக்கும் மாற்று வழி தேடுவது அதே திட்டத்தின் ஓர் அங்கமாகட்டும். பகல் வெயிலில் ஏற்றுவோருக்கு விலை குறையட்டும். நிலையத்தின் நிழலும் குடிநீரும் கழிப்பிடமும், கார் இல்லாமல் வந்து நிற்பவருக்கும் உரியனவாகட்டும். இவற்றுள் எதுவும் பொறியியலுக்கு அப்பாற்பட்டதன்று.

கடைசியாக நம்மையும் நாம் கேட்டுக்கொள்வோம். ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நம்மிற் சிலர் நாளை அத்தகைய காரில் இவ்வழியே செல்லக்கூடும். கலம் நிரம்பும்வரை பொழுதைப் போக்கவேண்டியும் வரும். மின்கலத்துக்கே ஓர் இயல்பு உண்டு: எண்பது வீதம் நிரம்பியபின் அது வேகமாக ஏற்க மறுக்கின்றது; மேலும் திணித்தால் அதற்கே கேடு. நிறைந்த இடத்தில் மெல்லவும் வெறுமையான இடத்தில் விரைந்தும் பாய்வது அங்கே ஒழுங்கு. நம் சமுதாயத்தின் செல்வம் இதற்கு நேர்மாறாகப் பாய்ந்துகொண்டிருக்கின்றது. அந்த அரைமணி நேரத்தில், தெருவின் எதிர்ப்புறம் பஸ்ஸுக்காகக் கூடையோடு நிற்கும் பெண்ணை நாம் நிமிர்ந்து பார்ப்போமாக. அவள் சுமையை இறக்கிவைக்க அங்கே ஒரு கல் இருக்கின்றதா?