முகத்தைக் காட்டிவிட்டு வருவோம்

சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பத்தடி நடப்பதற்குள் உங்களை யாராவது நிறுத்திவிடுவார்கள். முதல் கேள்வி, ''எப்ப வந்தீக?'' நீங்கள் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வி, ''எப்பக் கிளம்புறீக?''

நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது சுருக்கென்று இருக்கும். 'வந்ததே இப்பத்தான், அதுக்குள்ள துரத்துறாங்களே!' என்று தோன்றும். அப்படி இல்லை. உங்கள் கையில் எத்தனை நாள் இருக்கிறது, அதில் எங்கள் வீட்டுக்கு எவ்வளவு நேரம் வரும்? இதைத்தான் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள்.

என் கணக்கைச் சொல்கிறேன். 2024 சித்திரை. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழா சமயம். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வெளியூரில் பிழைக்கிறவர்கள் ஊர் திரும்புகிற நேரம். முன்பெல்லாம் 'ரயிலே இல்லையே, எப்படி வர்றது?' என்று ஒரு சாக்கு கைவசம் இருந்தது. 2010 கடைசியில் மீட்டர் கேஜை நிறுத்தினார்கள். அகலப்பாதையில் 2022-ல் தேனிக்கும் 2023 ஜூனில் போடிக்கும் ரயில் வந்துவிட்டது. சென்னையில் ஏறிப் படுத்தால் காலையில் தேனி. அங்கிருந்து கம்பம் பஸ். அந்தச் சாக்கும் போச்சு!

லீவு 5 நாள். அப்பா தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார். மொத்தம் 11 வீடு. அத்தை, சித்தப்பா, இரண்டு பெரியம்மாக்கள், உத்தமபாளையத்தில் ஒரு மாமா, என்னோடு படித்த இரண்டு நண்பர்கள், போன வருஷம் கல்யாணத்துக்கு நாங்கள் வரமுடியாமல் போன ஒரு வீடு, இழவுக்கு வரமுடியாமல் போன இன்னொரு வீடு... இப்படி. ''ரொம்ப நேரம் உக்கார வேண்டாம்ப்பா. சும்மா முகத்தைக் காட்டிட்டு வந்துருங்க'' என்றார்.

என் மனைவி கும்பகோணத்துப் பக்கம். அவளுக்குப் பட்டியலில் ஒரே ஒரு வரிதான். மேகமலை. 'ஒரு நாளாச்சும் நாம ரெண்டு பேர் மட்டும்.' அவளும் வேலைக்குப் போகிறவள். எனக்குக் கழிகிற அதே 5 நாள் லீவு அவளுக்கும் கழிகிறது. நான் அவள் ஊருக்குப் போனால் மாப்பிள்ளை. சாய்வு நாற்காலி, டிகிரி காபி, பகல் தூக்கம். அவள் என் ஊருக்கு வந்தால் மருமகள். இதைப் பற்றி மேலே எழுதினால் எனக்கு வீட்டில் நல்ல பெயரும் வெளியில் கெட்ட பெயரும் கிடைக்கும் என்பதால் இத்தோடு விடுகிறேன்.

இந்த ஊர்க்காரர்களுக்குக் கணக்கு புதிதில்லை. சின்னமனூர் என்றால் சரித்திர மாணவர்களுக்கு ஞாபகம் வருவது வாழைத்தாரோ திராட்சையோ அல்ல, செப்பேடு. பெரிய செப்பேடு, சிறிய செப்பேடு என்று இரண்டு. மதுரையில் சங்கம் வைத்ததையும், மகாபாரதத்தைத் தமிழில் செய்ததையும் பாண்டியர் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இங்கே கிடைத்த பெரிய செப்பேட்டில்தான். ஆனால், அதன் வேலை பெருமை பேசுவது இல்லை. 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பாண்டியன் யாருக்கு என்ன கொடுத்தான் என்று பதிந்து வைப்பது. கொடுத்தது மறந்து போகக்கூடாது என்று செம்பில் வெட்டினார்கள். இன்றைக்குத் தேனிப் பக்கத்துக் கல்யாண மண்டப வாசலில் மேஜை போட்டு மொய் நோட்டு எழுதுகிறார்களே, அதுவும் அதே வேலைதான். பெயர், ஊர், தொகை. போனதும் வந்ததும் எழுதுவதற்கு மட்டும் நோட்டு கிடையாது. அது அத்தைகளின் தலைக்குள் இருக்கிறது. ''நீ வந்து ரெண்டு தீவாளி ஆச்சு மருமகனே'' என்று தேதியோடு சொல்வார்கள்.

முதல் இரண்டு நாளில் ஆறு வீடு முடித்தோம். 'முடித்தோம்' என்றுதான் எனக்கும் வாயில் வருகிறது, பாருங்கள்! எல்லா வீட்டிலும் ஒரே நாடகம். ''வாங்க வாங்க...'' பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டிப் போடுவார்கள். ஃபேன் சுற்றும். ''காப்பியா, கலரா?'' ''ஒண்ணும் வேணாம், இப்பத்தான் சாப்பிட்டோம்.'' ''அட, ஒரு வாய் குடிக்காமப் போவீகளா?'' குடிப்போம். செல்போனில் குழந்தைகள் போட்டோ காட்டுவோம். 15 நிமிஷத்தில் நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். குங்குமம், பூ, அடுத்த வீடு.

மூன்றாம் நாள் மேகமலை. சின்னமனூரில் இருந்து தென்பழனி செக்போஸ்ட் தாண்டினால் ஏற்றம். 18 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பூவின் பெயர். பாதி ஏறியதும் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கீழே பள்ளத்தாக்கு முழுக்க விரிந்து கிடக்கிறது. தென்னை, வாழை, திராட்சைப் பந்தல், நடுவில் முல்லைப் பெரியாறு. நான் பிறந்து வளர்ந்த ஊரை ஒரு கையகலத்தில் பார்த்த சந்தோஷத்தில், ''அதோ பார், அங்கதான் அத்தை வீடு. நாளைக்கு அங்க போயிட்டு, அப்படியே சித்தப்பா வீட்டையும் முடிச்சிரலாம்'' என்றேன்.

அவள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. ''நீங்க போறது அவங்களைப் பாக்கவா... இல்ல, போயிட்டு வந்தேன்னு சொல்லிக்கவா?'' என்றாள்.

நான் கோபப்பட்டேன். அவள் படவில்லை. ''நீங்க ஹால்ல உக்காந்துடறீங்க. நான் அடுப்படிக்குப் போறேன். நேத்து உங்க பெரியம்மா நமக்குக் காபி போட, பின்வாசல் வழியா பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பால் கடன் வாங்கிட்டு வந்தாங்க. இன்னொரு வீட்டுல கலர் வாங்க அந்தப் பையன்கிட்ட சில்லறையா எண்ணிக் குடுத்தாங்க. கால் மணி நேரம் முகத்தைக் காட்ட இது அவசியமா?''

எனக்குத் தெரியாது. உண்மையிலேயே தெரியாது. 40 வருஷமாக அந்த வீடுகளுக்குப் போய் வருகிறேன். பின்வாசலைப் பார்த்ததே இல்லை.

அன்பில்லாமல் கடமைக்காகச் செய்கிற காரியத்துக்கு மதிப்பு உண்டா, இல்லையா? உண்டு என்று அடித்துச் சொன்னவர் ஜெர்மன் தத்துவஞானி கான்ட். 1785-ல் வந்த புத்தகத்தில், மனசு இழுப்பதால் செய்கிற நல்லதைவிட, மனசே ஒட்டாதபோதும் 'இது என் கடமை' என்று செய்கிற நல்லதில்தான் ஒழுக்கத்தின் மதிப்பு பளிச்சென்று தெரிகிறது என்றார். (சொன்னவர் கடைசிவரை தன் ஊரான கோனிக்ஸ்பெர்க் வட்டாரத்தை விட்டு நகரவே இல்லை! மதியச் சாப்பாட்டுக்கு விருந்தாளிகள் மட்டும் அவருக்கு வேண்டும். மூன்று பேருக்குக் குறையாமல், ஒன்பது பேருக்கு மிகாமல். 11 வீட்டுப் பட்டியல் அவரிடம் எடுபட்டிருக்காது.)

இதற்கு மைக்கேல் ஸ்டாக்கர் என்ற பேராசிரியர் 1976-ல் ஒரு கட்டுரையில் எதிர்க்கேள்வி போட்டார். நீங்கள் ஆஸ்பத்திரியில் நாள்கணக்காகப் படுத்திருக்கிறீர்கள். ஒரு நண்பர் ஊரைக் கடந்து பார்க்க வருகிறார். நெகிழ்ந்து போய் நன்றி சொல்கிறீர்கள். அவர், 'இதிலென்ன இருக்கிறது, என் கடமை' என்கிறார். அடக்கத்துக்குச் சொல்கிறார் என்று நினைக்கிறீர்கள். பேசப் பேசத்தான் தெரிகிறது, நிஜமாகவே கடமைக்குத்தான் வந்திருக்கிறார்! இப்போது உங்களுக்கு அந்த வருகை எப்படி இருக்கும்?

நீங்களே சொல்லுங்கள். சப்பென்று ஆகிவிடாது? என் மனைவி கட்சிக்கு வெளிநாட்டில் இருந்து ஆதரவு வந்த மாதிரி இருந்தது எனக்கு.

ஒன்று செய்தோம். பட்டியலைக் குறைத்தோம். மிச்சமிருந்த ஐந்தில் ஒரே ஒரு நண்பன் வீடு. அங்கே அரை நாள் உட்கார்ந்து, மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்துப் பேசினோம். நிஜமான லீவு மாதிரி இருந்தது. அத்தை, சித்தப்பா உட்பட மற்ற நாலு வீட்டுக்கும் 'அடுத்த தடவை' என்று போன். மனசுக்குள் ஒரு நேர்மையான காரியம் செய்துவிட்ட கர்வம்கூட எட்டிப் பார்த்தது.

ஐந்தாம் நாள் சாயங்காலம். தேனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். டிவிஎஸ் 50-யில் புழுதி பறக்க ஒரு பையன் வந்தான். அத்தையின் பேரன். ஜன்னல் வழியாக ஒரு தூக்குச் சட்டியை நீட்டினான். ''அப்பத்தா குடுத்துவிட்டாக.''

திறந்தால் கருப்பட்டிப் பணியாரம். ஆறிப் போயிருந்தது.

''எப்படா சுட்டாங்க?''

''நேத்துக் காலைலயே. நீங்க வருவீகன்னு ஊரே சொல்லுச்சாம்ல. ராத்திரி வரை வாசல்லதேன் உக்காந்திருந்தாக.''

நான் போன் செய்தது நேற்று மதியம். அதற்குப் பிறகும் உட்கார்ந்திருக்கிறார்! பஸ் கிளம்பிவிட்டது. எனக்குப் பணியாரம் தொண்டையில் இறங்கவில்லை. என் கணக்கில் கால் மணி நேரம்தானே, அதை வெட்டினால் யாருக்கு நஷ்டம் என்று நினைத்தேன். அத்தை கணக்கில் அது ஒரு முழு நாள். முந்தின ராத்திரி அரிசி ஊறப்போட்டதில் இருந்து எண்ணினால் இன்னும் கூட.

ஸ்டாக்கர் பேராசிரியரிடம் எனக்கு இங்கேதான் ஒரு மனஸ்தாபம். அவருடைய நோயாளி, வந்தவர் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று துழாவுகிறார். எங்கள் அத்தைக்கு அந்த ஆராய்ச்சியே கிடையாது. நான் முகத்தைக் காட்டத்தான் வருகிறேன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவருக்கு வேண்டியதும் முகம்தான். என் உள்ளத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்யப் போகிறார்?

இதை மனைவியிடம் சொன்னேன். ஜெயித்துவிட்ட தொனி கொஞ்சம் இருந்திருக்கலாம். அவள் பணியாரத்தை விண்டு வாயில் போட்டுக்கொண்டே, ''நல்லா இருக்கு. ஆனா, நான் சொன்னதுக்கு இது பதில் இல்லை. எழுபது வயசுக்கு மேல ராத்திரி அரிசி ஊறப்போட வெச்சதே நாமதானே?'' என்றாள்.

நம் ஊரில் விருந்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் வீட்டுக்காரர்களுக்குச் சொன்னது. வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஒரு முழு அதிகாரம் வைத்தார். பத்துக் குறளும் விருந்து வைப்பவர்களுக்கு. வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தனி அதிகாரம் எங்கே? 2,300 வருஷத்துக்கு முந்தைய அரிஸ்டாட்டில், சேர்ந்து உப்புத் தின்று தீர்க்காமல் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் அறிய முடியாது என்று தன் காலத்துப் பழமொழி ஒன்றை எடுத்துக்காட்டி, நட்புக்கு நேரமும் பழக்கமும் வேண்டும் என்றார். உப்பிட்டவரை மறக்காதே என்று நம்மிடமும் உண்டு. நம்முடையதில் ஒருவர் இடுகிறார், மற்றவர் தின்கிறார். அவர் சொன்னதில் இரண்டு பேரும் சேர்ந்து தின்கிறார்கள். சின்ன வித்தியாசம்தான். ரயிலில் படுத்துக்கொண்டு அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

2025 பொங்கலுக்குப் போனோம். இந்த முறை முதல் நாள் காலையிலேயே அத்தை வீடு. யோசனை மனைவியுடையது. முன்கூட்டிச் சொல்லவில்லை, சொன்னால் அரிசி ஊறும். வழியில் ஒரு லிட்டர் பால் பாக்கெட், கொஞ்சம் காய்கறி, மூட்டையாக மொச்சைக்காய் வாங்கிக்கொண்டாள்.

எல்லாம் சரியாகப் போகும் என்றுதானே நினைக்கிறீர்கள்? நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பையில் பாலைப் பார்த்ததும் அத்தை முகம் சுண்டிப் போச்சு. ''ஏத்தா... எங்க வீட்டுல பாலு இல்லைன்னு எவ சொன்னா?''

எனக்கு அப்படியே திரும்பி ஓடிவிடலாம் போல் இருந்தது. ஒருவர் செலவை மிச்சம் பிடிக்கப் போய், அவர் கையில் இருந்த ஒரே பெருமையைப் பிடுங்கிவிட்டோம். வாங்குகிறவன் வாங்க மறுத்தால், கொடுக்கிறவர் என்னதான் செய்வார்? பால் கடன் வாங்குவது கஷ்டம் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. அதைவிடக் கஷ்டம் ஒன்று இருப்பது தெரிந்திருக்கவில்லை.

என் மனைவி பதில் ஒன்றும் சொல்லவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஒரு முறத்தை இழுத்து வைத்து மொச்சையை உரிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் அத்தையும் எதிரில் உட்கார்ந்தார். எனக்கும் ஒரு கைப்பிடி வந்தது. நான் உரித்த லட்சணத்தைப் பார்த்து இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். எந்த மருமகள் எந்த வீட்டில் என்ன சொன்னாள், வீரபாண்டித் திருவிழாவில் மாமாவுக்கு அக்னிச் சட்டி சுட்டது எப்படி, கூரை வீட்டை ஓட்டு வீடாக்கக் கம்மலை விற்றது... நாலு மணி நேரம். 40 வருஷத்தில் அத்தை என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. நான் உட்கார்ந்ததும் இல்லை. சமையல் அவரே செய்தார். மொச்சைக் குழம்பு. எங்களைக் கரண்டியைத் தொடவிடவில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் அந்தப் பால் பாக்கெட்டை எடுத்துப் பின்பக்கச் சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்தார். ''இந்தாத்தா, போன வாரம் வாங்குனது.'' எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நானும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அந்தப் பயணத்தில் போனது மொத்தம் மூன்றே வீடு. எட்டு வீட்டுக்கு மனவருத்தம். சித்தப்பா இன்னும் போனை எடுக்கவில்லை. ''முகத்தைக்கூடக் காட்டலையேப்பா'' என்று அப்பாவுக்கும் குறை. என்னிடம் பதில் இல்லை. 11 வீட்டிலும் நாலு மணி நேரம் உட்கார யாரிடம் லீவு இருக்கிறது?

அடுத்த பயணம் சித்தப்பா வீட்டுக்குத்தான் என்று சொல்லிவிட்டாள் மனைவி. அவர் வீட்டில் இரண்டு மாடு நிற்கிறது. பால் வாங்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.