நடையும் ஒரு நோன்பே



பெங்களூரு லால்பாகிலும் ஓசூர் இராமநாயக்கன் ஏரிக்கரையிலும் விடியற்காலையில் பலர் நடக்கின்றனர். பாரூர்ப் பகுதியில் வாழும் நமக்கோ, தென்பெண்ணை நீரால் நிறையும் பெரிய ஏரியின் கரை இருக்கிறது. சர்க்கரை நோய்க்காக மருத்துவர் விதித்த நடையை உயிருக்கும் உறுதி பயப்பதாக ஆக்கிக்கொள்ள இயலாதா என்பதை இன்று சிந்திப்போம்.

நம் முனிவர்களுக்கு நடத்தலே ஓர் ஒழுக்கம். ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈர்யா சமிதி. கதிரவன் எழுந்த பின்னர், பலர் நடந்து தேய்ந்த வழியில், முன்னே நான்கு முழ நிலத்தை நோக்கியவாறு அவர்கள் நடப்பர். மழைக்காலத்தில் சிற்றுயிர்கள் பெருகுமாதலால் நான்கு திங்கள் ஓரிடத்திலேயே தங்குவர். அதுவே சாதுர்மாசம்.

"நாங்கள் இல்லறத்தார். முதல் ஷிப்டுக்குத் தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்க ஓடுபவர்கள். பார்த்து நடந்தாலும் காலடியில் ஓர் எறும்பு மடியாதா?" எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்துப் பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, முதலில் வைத்தார். குந்தகுந்தர் பிரவசன சாரத்தில் இதனை மேலும் விளக்குகிறார். விழிப்புடன் நடப்பவன் காலடியில் ஓர் உயிர் மடிந்தாலும் அதனால் அவனுக்கு வினைக்கட்டு இல்லை. விழிப்பின்றி நடப்பவனுக்கோ, எவ்வுயிரும் மடியாவிடினும் இம்சை உண்டு. ஆகவே இல்லறத்தாரிடம் அறம் கேட்பது இயலாத ஒன்றையன்று; கருத்தூன்றிய பார்வையையே கேட்கிறது.

இதற்கு இல்லறத்தார்க்குரிய தேச விரதம் துணை செய்யும். சாமாயிகத்திற்கு வகுத்த ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம், "இக்கரையின் எல்லையைக் கடவேன்" என உறுதி பூணுவோம். எல்லைக்கு அப்பால் இருப்பவரைக் குரல் கொடுத்து அழைப்பதும் இவ்விரதத்திற்குக் குற்றமே. அவ்வாறாயின் கைப்பேசியில் பேசிக்கொண்டு நடப்பதை என்னென்பது? அதனை வீட்டிலேயே வைத்துச் செல்வோம். வெளிச்சம் வந்தபின் புறப்படுவோம். ஈரப்புல்லை மிதியாது, மரவட்டையும் நத்தையும் கடக்கும்வரை ஒரு கணம் நிற்போம். நாள்தோறும் இயலாதோர் வார விடுமுறையிலேனும் தொடங்கலாம்.

ஈர்யாவை அடுத்து வருவது பாஷா சமிதி. அடி வைக்குமுன் நிலத்தைப் பார்க்கப் பழகியவர், சொல் விடுமுன் எதிரே நிற்பவர் முகத்தையும் பார்ப்பர். வீட்டில் மனைவி மக்களிடமும், பணியிடத்தில் தமக்குக் கீழ் வேலை செய்பவரிடமும் அவர் சொல் பதமாக வரும். ஏரிக்கரையில் தொடங்கும் நோன்பு அங்கே பயன் தருவதாக.

அறம் வளர்க!