ஒரு காலின் விலை

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் சுமை தூக்கிப் பிழைத்து வந்த என் பழைய மாணவர் ஒருவர், சரக்கு லாரி ஏறியதால் இடக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். வயது 33, இரண்டு பிள்ளைகள். பூந்தமல்லியிலுள்ள அவர் இல்லத்திற்கு நலம் விசாரிக்கச் சென்றிருந்தேன். அவருடைய தந்தை என் கையைப் பற்றிக்கொண்டு, "வழக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஹஜ்ரத். அல்லாஹ் நாடியது நடந்தது. போன காலைக் காட்டிக் காசு கேட்பதா?" என்றார். மகன் ஒன்றும் பேசவில்லை.

அம்முதியவரின் சொல்லில் ஈமானும் இருந்தது, ரோஷமும் இருந்தது. இரண்டும் மதிக்கத்தக்கவை. ஆயினும் அவர் சொன்னது மார்க்கமா என்றால், அன்று என்றே கூற வேண்டும்.

தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டால் என்ன செய்வது என்பதை நிசா அத்தியாயத்தின் 92ஆம் வசனம் பேசுகிறது. கொல்லும் எண்ணம் சிறிதும் இல்லாதவனைப் பற்றிய வசனம் அது. அவனும் இறந்தவரின் குடும்பத்தாரிடம் தியத்தைச் சேர்ப்பித்தாக வேண்டும். விதி என்னும் ஒரு சொல்லால் கடன் அழிந்துபோகுமானால் இந்த வசனத்திற்கு வேலையே இல்லை. நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் ஹிதாயா இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. உறக்கத்தில் புரண்டு இன்னொருவன்மீது விழுந்து அவனைச் சாகடித்தவனுக்கும் தவறுதலாகக் கொன்றவனின் சட்டமே என்கிறது. ஒட்டக வரிசையை இழுத்துச் செல்பவன், அவ்வரிசையின் ஒட்டகம் மிதித்ததற்குப் பொறுப்பாளி என்கிறது. விடியற்காலையில் கண்ணயர்ந்த நிலையில் பன்னிரண்டு சக்கர வண்டியைத் திருவள்ளூர் நெடுஞ்சாலையில் ஓட்டி வருபவனுக்கு இவ்விரண்டு சட்டங்களும் ஒருசேரப் பொருந்துவதை மாணவப் பருவத்தில் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

நாட்டின் நீதிமன்றமும் இக்கேள்வியைச் சந்தித்திருக்கிறது. நம் மாநிலத்திலிருந்து உச்ச நீதிமன்றம் சென்று 1980இல் முடிவான வழக்கு ஒன்று உண்டு. இரவு நேரத்தில் ஒரு பேருந்து, தாழத் தொங்கிய உயரழுத்த மின்கம்பியில் மோதிற்று. பாதிக்கப்பட்டோர் 26 பேர். அவர்களுள் 8 பேர் அங்கேயே மாண்டனர். குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையானார். காரணம், அது இறைச்செயல் என்பது. ஆனால் பயணிகள் கூக்குரலிட்டும் அவர் வண்டியை விரைந்து செலுத்தினார் என்று இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கண்டது. குற்ற வழக்கில் விடுதலை பெற்றதால் இழப்பீட்டுக் கடன் நீங்கிவிடாது என்று நீதியரசர் கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். இறைவன் பெயரைத் தம் கவனக்குறைவுக்குத் திரையாக்குவோர் எக்காலத்தும் உளர்.

மன்னிப்பது சிறந்ததன்றோ எனச் சிலர் கேட்பர். அதே வசனம் குடும்பத்தார் தியத்தை விட்டுக்கொடுப்பதற்கும் இடமளிக்கிறது. அதைத் தருமம் என்றே குறிக்கிறது. தனக்கு உரியதைத்தான் ஒருவன் தருமம் செய்ய முடியும். இந்தக் காலுக்கு உரியவர் மகன், தந்தை அல்லர். இறந்தவரின் சிறு பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய பங்கைக்கூடப் பெரியவர்கள் தள்ளுபடி செய்ய முடியாது என்பது ஃபிக்ஹு. மருத்துவமனைக் கட்டிலருகே லாரி உரிமையாளரின் ஆள் நீட்டிய ராஜிப் பத்திரத்தில் இருந்த தொகை 20,000 ரூபாய். மருந்துக்கும் வழியில்லாத நேரத்தில் இடும் கையெழுத்து மன்னிப்பாகுமா?

பணம் தரப்போவது காப்பீட்டு நிறுவனம் என்பதில் சிலருக்குத் தயக்கம். முற்காலத்தில் தியத்தைக் கொலையாளி தனித்துச் சுமக்கவில்லை. ஆகிலா எனப்பட்ட அவன் குலத்தார் சுமந்தனர். கலீபா உமர் அச்சுமையைக் குலத்திலிருந்து ஒரே திவானில் பெயர் பதிந்தோருக்கு மாற்றினார். மூன்றாண்டுத் தவணையும் வைத்தார். காப்பீட்டு ஒப்பந்தம் பற்றி உலமாக்கள் வாதிடட்டும். அவ்வொப்பந்தத்தில் கையெழுத்திடாத, சாலையோரம் நின்ற மனிதர் தமக்குரிய கடனை வாங்குவதில் என்ன தடை?

எனக்கு விடை கிடைக்காத இடம் வேறொன்று. ஷரீஅத்தில் முழுத் தியத் 100 ஒட்டகம். ஒரு காலுக்கு 50. ஒரு விரலுக்கு 10. ஒரு பல்லுக்கு 5. கூலியாளின் காலும் வணிகரின் காலும் ஒன்றே. (பெண்ணுக்குப் பாதி எனப் பழைய நூல்கள் கூறுவதையும் மறைப்பதற்கில்லை.) இந்தச் சமத்துவத்தை நான் பெருமையுடன் பாடம் நடத்தியதுண்டு. மோட்டார் வாகனச் சட்ட வழக்குகளிலோ வருமானமே அளவுகோல். உச்ச நீதிமன்றத்தின் 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி 33 வயதுக்குப் பெருக்கும் எண் 16. மாதம் 15,000 ஈட்டியவருக்கு அது 28,80,000 ரூபாய். மருத்துவக் குழு தந்த ஊனச் சான்று 50 விழுக்காடு, ஆகவே 14,40,000. மேலதிகாரி ஒருவரின் கால் இதைப்போல் பத்து மடங்கு பெறும். அநீதி என்றே எண்ணினேன்.

பிறகு 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றை வழக்கறிஞர் விளக்கினார். கை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய பிழைப்பு முழுவதும் போயிற்று; எழுத்தராயின் வேலை நிலைக்கலாம். எனவே உடலின் ஊனம் வேறு, உழைப்பின் இழப்பு வேறு என்கிறது அத்தீர்ப்பு. சுமை தூக்குபவருக்குக் கால்தான் கடை, கால்தான் நிலம். சமமாக அளந்த என் பாடத்தில் இது இடம்பெறவில்லையே என்று நாணினேன். வருமானத்தால் அளப்பதும் முழுமனத்தோடு ஏற்கத்தக்கதாக இல்லை.

இந்தக் குழப்பத்தில் நானிருக்கையில்தான் மாணவர் என்னிடம் கேட்டார்: "மாத வருமானம் 25,000 என்று எழுதச் சொல்கிறார்கள், ஹஜ்ரத். கூலிக்கு ரசீது கிடையாது. 15,000 என்று உண்மையை எழுதினால் 10,000 ஆகக் குறைத்துவிடுவார்களாம். எழுதட்டுமா?"

ஊனத்தைப் பாதியாகவே கணக்கிட்டாலும் வேறுபாடு 9,60,000 ரூபாய். இரு குழந்தைகளின் படிப்பு அதில் அடங்கும். பொய் ஹராம் எனச் சொல்லிவிட்டு எழுந்து வருவது எனக்கு எளிது; என் இரு கால்களும் நலமாக உள்ளன. எனினும் அதைத்தான் சொன்னேன். அவர் உடன் உழைத்த இருவரையும் மேஸ்திரியையும் சாட்சியாக அழைத்து வருவதாக நானே பொறுப்பேற்றேன். இரண்டு வெள்ளிக்கிழமைகள் ஜும்ஆவுக்குப் பின் தொழிற்பேட்டைக்கு அலைந்தேன். மேஸ்திரி வருவதற்கு இன்னும் இசையவில்லை.

2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ஆறு மாதக் கெடுவை எண்ணி, நான்காம் மாதமே மனுச் செய்தாயிற்று. வசிக்கும் ஊரிலேயே வழக்காடச் சட்டம் இடமளிப்பதால் அலைச்சல் அதிகமில்லை. லாரி ஓட்டிய இளைஞர் ஒருநாள் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார். மாணவர் அவரை உள்ளே அழைத்துத் தேநீர் கொடுக்கச் சொன்னார். தந்தை இப்போது என்னிடம் அதிகம் பேசுவதில்லை. மனுவில் வருமானம் 15,000 என்றே இருக்கிறது.