சேதுவில் விடும் கடைசி எள்ளும் நீரும்

தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்துவிட்டால் போதும், நம் பெண்மணிகளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. எள்ளைப் புடைத்து எடுத்து வைப்பது, மடி வேஷ்டியைத் துவைத்து உலர்த்துவது, தர்ப்பைக் கட்டை மறக்காமல் பையில் வைப்பது என்று எல்லாமே உங்கள் பொறுப்புதான். தர்ப்பணம் செய்வது அவர் என்றாலும், அது குறைவில்லாமல் நடப்பது உங்களால்தான், இல்லையா?

அக்னி தீர்த்தத்தில் ஸ்நானம், கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள், ராமநாத ஸ்வாமி தரிசனம், பர்வதவர்த்தினி அம்பாளுக்கு ஒரு புடவை. அதன்பிறகு ஒரு வேன் பிடித்து தனுஷ்கோடி. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டதால் பயணமும் சுலபம். அங்கே இடிந்த தேவாலயத்தின் முன் நின்று ஒரு போட்டோ, குழந்தைக்கு ஒரு சங்கு மாலை, இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறோம்.

அது வேடிக்கை பார்க்கும் இடமா அம்மா? ராமபிரான் இலங்கைக்கு அணை கட்டத் தொடங்கிய இடம். விபீஷணன் வேண்டிக்கொள்ள, வில்லின் நுனியால் அந்த அணையைப் பகவானே உடைத்தார், அதனால்தான் தனுஷ்கோடி என்று பெயர் வந்தது என்பது ஐதீகம். மகோததி, ரத்னாகரம் என்ற இரு கடல்களும் கூடும் அந்த முனையில் சேது ஸ்நானம் செய்து, மணலை லிங்கமாகப் பிடித்துப் பூஜித்து, அதைப் பிரயாகைக்குக் கொண்டுபோய்த் திரிவேணியில் கரைக்க வேண்டும். அங்கிருந்து கங்கையைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்த பிறகுதான் காசி யாத்திரை பூர்த்தியாகும். நம் பாட்டனார்கள் போட்மெயிலில் தனுஷ்கோடி வரையே போய் இறங்கியவர்கள். அதே ரயிலில் வந்த மற்றவர்கள் கப்பல் ஏறித் தலைமன்னார் போவார்கள். ஸ்டேஷன், தபாலாபீஸ், சுங்க ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று நிறைந்திருந்த ஊர் அது.

1964-ம் வருஷம், மார்கழி மாதம். டிசம்பர் 22-ந் தேதி இரவு புயல் அடித்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடிக்கு மிக அருகில் வந்த நிலையில் அலைக்கு இரையானது. அதில் இருந்தவர்கள் 115 பேர் என்பது டிக்கெட் கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களை யார் எண்ணினார்கள்? ஊரில் போனவர்கள் வேறு, நூற்றுக்கணக்கில். ஊரே மனிதர் வாழத் தகுதியற்றது என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. வழியில் உள்ள கோதண்டராமர் கோயில் மட்டும் அந்தப் புயலிலும் நின்றது. விபீஷணனுக்குப் பட்டாபிஷேகம் ஆன ஸ்தலம் என்று அதைக் கொண்டாடுகிறோம். சரணம் என்று வந்தவனைக் கைவிடாத ஸ்வாமி அல்லவா!

தீவில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் அந்த நாளைப் பற்றி ஒன்று சொல்வார். அப்துல் கலாம்கூட 'அக்னிச் சிறகுகள்' நூலில், தம் தந்தை மரப்படகு கட்டி யாத்ரீகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் சென்றதையும், ஒரு புயலில் அந்தப் படகு போனதையும் எழுதியிருக்கிறார். நம் சேது ஸ்நானத்துக்குப் படகு ஓட்டியது ஓர் இஸ்லாமியக் குடும்பம்!

சென்ற முறை நான் போனபோது சோழி விற்கும் பாட்டி ஒருத்தி, எழுபதை நெருங்குபவள், தேவாலயத்துச் சுவர் நிழலில் உட்கார்ந்திருந்தாள். என் கையில் தர்ப்பையைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தாள்.

"மதுரைக்குப் போறேன்னு போனவருதான் சாமி எங்க ஐயா. அன்னைக்கு அந்த ரயில்ல வந்தாரா, மறுநாள் வர இருந்தாரா, யாருக்குத் தெரியும்? உடம்பும் கிடைக்கல. வந்துருவாரு, வந்துருவாருன்னு எங்க ஆத்தா பத்து வருஷம் பொட்டு அழிக்கல. அழிச்சாத்தானே திதி கொடுக்க முடியும்? அப்புறம் ஆத்தாவும் போயிருச்சு. தண்ணி விட அண்ணன் தம்பி யாரும் இல்லை."

சகோதரிகளே, ஜடாயு ராமருக்கு என்ன உறவு? தசரதரின் தோழர், அவ்வளவுதான். பெற்ற தகப்பனாருக்குப் பக்கத்தில் இருந்து கடைசிக் காரியம் செய்யக் கொடுத்து வைக்காத அந்தப் பிள்ளை, காட்டில் ஒரு பட்சிக்கு அதைச் செய்தார். செய்ய ஆளில்லாத ஜீவனுக்குச் செய்வது எவ்வளவு உசத்தி என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இதற்கு நம் தர்ப்பணத்திலேயே இடம் உண்டு. பித்ரு வர்க்கம், மாத்ரு வர்க்கம் எல்லாம் முடிந்த பிறகு, கூர்ச்சத்தைப் பிரித்து, அந்தப் புல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை எள்ளும் நீரும் விடச் சொல்வார் சாஸ்திரிகள். தாய், தகப்பன், உடன்பிறந்தார், கோத்திரம் என்று சொல்லிக்கொள்ள எவரும் இல்லாமல் போனவர்களுக்கான நீர் அது. ஆனால் அந்த நேரத்தில்தான் நம் வீட்டுக்காரர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள்! பசியும் இருக்கும், பாவம். சாஸ்திரிகளும் அடுத்தவருக்கு ஓட வேண்டும். விரல் நுனியில் நாலு சொட்டுத் தண்ணீரோடு முடிந்துவிடுகிறது.

எள் எடுத்துக் கொடுப்பது நீங்கள்தானே? அந்தக் கடைசி முறைக்கென்று ஒரு பிடி தனியாக வைத்திருந்து, அப்போது எடுத்துக் கொடுங்கள். "இது தனுஷ்கோடியில் போனவர்களுக்கும்" என்று மெதுவாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். ராமேஸ்வரம் போக முடியாதவர்கள் மாதாமாதம் வீட்டில் நடக்கும் அமாவாசைத் தர்ப்பணத்திலேயே இதைச் செய்யலாம். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. போகிறவர்கள் வழியில் கோதண்டராமருக்கு ஒரு நெய் விளக்கு ஏற்றிவிட்டுப் போகலாம்.

அன்று நானும் திரும்பக் கடலில் இறங்கி, அந்த ஒரு நீரை நிதானமாக விட்டேன். பாட்டி தன் தகப்பனார் பெயரைச் சொன்னாள். கரைக்கு வந்தபோது கூடையிலிருந்து ஒரு சங்கை எடுத்து நீட்டினாள். எவ்வளவு சொல்லியும் காசு வாங்கவில்லை. அது இப்போது எங்கள் பூஜை அறையில் இருக்கிறது.