விழுந்த ராக்கெட்டும் விதியும்

காகிதக் குழாயில் செய்த சிறு ராக்கெட் ஒன்று, பாராசூட் விரியாமல், கூர்முனை கீழாக வந்து தரையில் குத்தி நிற்கிறது. அதைச் செய்து விட்ட சிறுவனின் கண் கலங்குகிறது. அருகில் நிற்கும் பெரியவர் அவனிடம் என்ன சொல்ல வேண்டும்? "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்று தேற்றுவதா? "பாராசூட்டைச் சரியாக மடித்து வைத்தாயா?" என்று கேட்பதா? முதலாவது ஈமானின் பேச்சு, இரண்டாவது அறிவியலின் பேச்சு என்று நம்மில் பலர் பிரித்து வைத்திருக்கிறோம். அந்தப் பிரிவினை சரிதானா என்பதே நம் கேள்வி.

இந்தப் பொழுதுபோக்கு பிறந்த இடம் அமெரிக்கா. 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் செலுத்தியதும், அங்கே சிறுவர்களிடம் ராக்கெட் மோகம் கரைபுரண்டது. வீட்டிலேயே வெடிமருந்து கலந்து உலோகக் குழாயில் அடைத்துக் கொளுத்தி, கை விரல்களை இழந்தவர்கள் உண்டு. உயிரை இழந்தவர்களும் உண்டு. இதற்கு மாற்று வழியை, நெப்ராஸ்கா மாநிலத்து நார்ஃபோக் என்னும் ஊரில் செருப்புக் கடை நடத்திய ஆர்வில் கார்லைல் என்பவர் முன்னமே கண்டு வைத்திருந்தார். காகிதமும் இலேசான மரமும் கொண்டு உடலைச் செய்வது. மருந்தை வீட்டில் கலக்காமல், ஆயத்தமாக அடைத்து வந்த சிறு எஞ்சினைப் பொருத்துவது. வைட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் பாதுகாப்புப் பணி பார்த்த ஹாரி ஸ்டைன் அதை ஆராய்ந்து, விதிமுறைகள் வகுத்து, ஊரறியச் செய்தார்.

அந்தச் சிறு எஞ்சினுக்குள் இருக்கும் ஒழுங்கு வியக்கத் தக்கது. முதலில் உந்துமருந்து எரிகிறது. அது தீர்ந்ததும், மெல்லப் புகையும் ஓர் அடுக்கு சில விநாடிகளைக் கடத்துகிறது. அதற்குள் ராக்கெட் தன் வேகத்திலேயே உச்சிக்குப் போய்ச் சேரும். இறுதியில் மேற்புறமாக வெடிக்கும் ஒரு சிட்டிகை மருந்து, மூக்கைக் கழற்றிப் பாராசூட்டை வெளியே தள்ளுகிறது. அந்தச் சூட்டில் பாராசூட் உருகிவிடாதிருக்க, எளிதில் தீப்பற்றாத மென்காகிதத்தைக் கசக்கி இடையில் வைக்க வேண்டும். அதை மறந்தால் பாராசூட் உருகி ஒட்டிக்கொள்ளும். மூக்கை இறுக்கமாகச் செருகினால் கழலாது. தளர்வாகச் செருகினாலோ ஏறும்போதே கழன்றுவிடும். பின்பாரம் மிகுந்தால் ராக்கெட் நேரே ஏறாமல் பைத்தியம் பிடித்தாற்போல் சுழலும். தோல்விகளில் மிகப் பல, பறப்பதற்கு முந்திய இரவிலேயே, மேசை மீது, நம் கையாலேயே நிகழ்ந்து முடிந்தவை. வானம் அவற்றை வெளியிடுகிறது, அவ்வளவே.

இதை ஒப்புக்கொள்வதுதான் கடினம். "எஞ்சின் சரியில்லை" என்று சொல்வது எளிது. சில வேளை அது உண்மையாகவும் இருக்கும். எஞ்சினே வெடித்துச் சிதறுவது உண்டு. அந்நாட்டு ராக்கெட் சங்கத்தார் அத்தகைய பழுதுகளை, எஞ்சினின் வகையும் தயாரித்த தேதியும் குறித்து எழுதியனுப்பச் சொல்லித் திரட்டி வருகின்றனர். பழுதைப் பிறர் தலையில் போடுவதற்கும் பழுதைச் சாட்சியாக எழுதி வைப்பதற்கும் உள்ள தூரம் பெரிது.

விதியின் பெயரைச் சொல்லி நம் கவனக்குறைவை மூடுவதும் பழியைப் பிறர் தலையில் போடுவதுதான். இன்னும் துணிச்சலான பழி. உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் புறப்பட்டு, சர்க் என்னுமிடத்தில் கொள்ளைநோய்ச் செய்தி கேட்டுத் திரும்ப முடிவு செய்தபோது, அபூ உபைதா (ரலி) அவர்கள் இறைவிதியிலிருந்து ஓடுகிறீர்களா என வினவினார்கள். இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்வதாகக் கலீஃபா விடையளித்தார்கள். செழித்த கரையில் ஒட்டகத்தை மேய்த்தாலும் வறண்ட கரையில் மேய்த்தாலும் இரண்டும் விதிப்படியே என்றும் விளக்கினார்கள். மென்காகிதத்தை வைப்பதும் கத்ருக்கு உட்பட்டதே எனில், வைக்காமல் விட்டவன் மட்டும் கத்ரைச் சாட்சிக்கு அழைப்பது எப்படி நியாயமாகும்?

பொம்மையை விட்டுப் பெரிய ராக்கெட்டுக்கு வந்தாலும் கேள்வி மாறுவதில்லை. 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி.-3, வங்கக் கடலில் விழுந்தது. அத்திட்டத்தை நடத்திய மர்ஹூம் அப்துல் கலாம் அவர்கள் பிற்காலத்தில் மேடைதோறும் ஒளிக்காமல் ஒன்றைச் சொன்னார்கள்: ஏவுவதற்குச் சற்று முன் கணினி நிறுத்தச் சொன்னது, வல்லுநர்கள் தொடரலாம் என்றனர், தாமே கணினியைத் தாண்டிச் செல்ல முடிவெடுத்தார். அன்று பத்திரிகையாளர் முன் போய் அமர்ந்து தோல்வியை ஏற்றவரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிட்டியபோது, பேசச் சொல்லிக் கலாமை அனுப்பினார். தவானின் பெருந்தன்மையை நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். கலாமின் அந்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவ்வளவாகச் சொல்வதில்லை. தொழுகையாளியான இராமேசுவரத்துப் பிள்ளைக்கு, "நாட்டம்" என்று சொல்லி முடித்துவிடத் தெரியாதா?

அப்படியானால் அந்தச் சொல்லுக்கு இடமே இல்லையா? உண்டு. ஸ்டைன் வழிவந்த விதிமுறைகளில் இரண்டை நினைத்துப் பார்க்கிறோம். பொத்தானை அழுத்தியும் ராக்கெட் கிளம்பவில்லையானால், மின்தொடர்பைத் துண்டித்து, அறுபது விநாடி காத்திருந்த பின்பே எவரும் அருகில் செல்லலாம். வெறுங்கையோடு நிற்கும் அந்த ஒரு நிமிடம் பிள்ளைகளுக்கு ஒரு யுகம்! மற்றொன்று, ராக்கெட் மின்கம்பியில் சிக்கினால் அதை மீட்க முயலவே கூடாது. பல மாலைகள் உட்கார்ந்து செய்து, வண்ணம் பூசி, பெயர் எழுதிய ராக்கெட். மடித்த பாராசூட் அழகாக விரிந்தது, காற்றையும் பார்த்தே விட்டான், குறையொன்றும் இல்லை. ஆனாலும் அது கம்பியில் போய்த் தொங்குகிறது. அப்போது பெரியவர் பையனின் தோளில் கை வைத்து, "அல்லாஹ்வின் நாட்டம், வா மகனே" என்று சொல்லலாம். அவன் இரண்டு மூன்று முறை திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் வருவான்.