கத்திக்கு முன்னும் பின்னும்

கறிக்கடையில் ஹலால்தானா என்று கேட்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியூர் போனால் ஓட்டல் பலகையில் கண் முதலில் தேடுவது அதைத்தான். பிள்ளைக்கு ஜெல்லி மிட்டாய் வாங்கினாலும் பாக்கெட்டைத் திருப்பி, ஜெலட்டின் போட்டிருக்கிறானா, எந்த விலங்கினுடையது என்று பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறோம். இந்தக் கவனத்தை நான் குறைசொல்லவில்லை, என் வீட்டிலும் இதே வழக்கம்தான். ஆனால் ரமலான் பிறை தெரிந்துவிட்டால் ஒரு விசித்திரம் நடக்கிறது. பகல் முழுக்க, பல் துலக்கும் தண்ணீர் தொண்டையில் இறங்கிவிட்டதோ என்று பதறுகிற நாம், மஃரிப் பாங்கு கேட்டதும் எந்தக் கேள்வியும் இல்லாமல் கை நீட்டுகிறோம். அறுத்த முறை சரியாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் நம் கணக்கில் வராது.

எங்கள் கடற்கரைப் பக்கம் கடல்பாசி இல்லாமல் நோன்பு திறக்கும் வீடு குறைவு. பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சித் தாம்பாளத்தில் ஊற்றி, ஆறி இறுகியதும் கத்தியால் கோணல்மாணலாகக் கீறி எடுப்பார் உம்மா. வெள்ளையில் ஒன்று, ரோஸ் நிறத்தில் ஒன்று, சில நாள் இளநீரில் ஒன்று. அறுப்புச் சங்கதி எதுவும் இதில் கிடையாது என்பதால் ஹலாலா என்ற பேச்சே எழாது.

அந்த இறுக்கம் கடலடிப் பாறையில் வளரும் பாசியிலிருந்து வருகிறது. மன்னார் வளைகுடாவில், பாம்பன், சின்னப்பாலம், திருப்புல்லாணிப் பக்கத்துக் கரைகளிலிருந்து படகில் போய் மரிக்கொழுந்துப் பாசி பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். சேலைக்கு மேல் ஒரு டீ-சர்ட், கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, காலில் ரப்பர் செருப்பு. மூச்சை அடக்கி முங்கி, பாறையில் ஒட்டியதைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்து, மறுபடி முங்குகிறார்கள். துணி சுற்றியிருந்தும் பாறை விரலைக் கிழிக்கும். 21 தீவுகளைக் கொண்ட இந்தப் பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தலைமுறையாகப் போய்வந்த இடத்துக்குப் பயந்து பயந்து போகவேண்டிய நிலை அவர்களுக்கு வந்தது. சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி போன்றவர்கள் பெண்களைத் திரட்டினார்கள். மாதத்தில் சில நாட்கள் மட்டும் பறிப்பது, பாசி வளரும் பருவத்தில் விட்டுவைப்பது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். 2015-இல் லட்சுமிக்குச் சுற்றுச்சூழல் பணிக்கான சீகாலஜி விருது கிடைத்தது. கடல் மிஞ்ச வேண்டும் என்பதற்காகத் தன் கூலி நாளையே குறைத்துக்கொள்வதும் ஒரு நோன்புதான் என்று எனக்குப் படுகிறது. அவர்கள் கைக்கு என்ன விலை போய்ச் சேர்கிறது என்று நாம் கேட்பதில்லை. கடைக்காரரிடம் பாக்கெட்டுக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்ல மட்டும் மறப்பதில்லை.

கேட்கத் தெரியாதவர்களா நாம்? பேரீத்தம்பழப் பெட்டியைத் திருப்பி எந்த நாட்டில் விளைந்தது என்று பார்க்கும் பழக்கம் இன்று பரவலாகிவிட்டது. பலஸ்தீன மண்ணைப் பறித்து நட்ட மரத்தின் பழத்தால் நோன்பு திறக்கக்கூடாது என்று உலகமெங்கும் எத்தனையோ பேர் மெஜூல் வகைப் பேரீத்தம்பழத்தைத் திருப்பி வைக்கிறார்கள். அறுப்பே இல்லாத ஒரு பண்டத்தில், அது யாருடைய வியர்வை, யாருடைய நிலம் என்று கேட்க முடிகிறது. அந்தக் கேள்வி தூரத்து நாட்டோடு நின்றுவிடுவதுதான் எனக்கு உறுத்துகிறது. பக்கத்துப் பாசிக்கும், தெருமுனைக் கோழிக்கும் அது ஏன் வருவதில்லை? ஆட்டின் கண்முன் கத்தி தீட்டுவதைக் கண்டித்தவர் நபிகள் நாயகம். நகரக்கூட இடமில்லாத கூண்டில் அடைத்து, மோட்டார் சைக்கிளில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுவந்த கோழிக்குக் கடைசி நொடியில் மட்டும் பிஸ்மி சொன்னால் போதுமா என்று நம் ஊர் ஹஜ்ரத்துகள் ஒரு ஜும்மாவிலாவது பேசலாம்.

ஹிஜ்ரி 18-இல் மதீனாவில் கடும் வறட்சி வந்தபோது கலீஃபா உமர், மக்களுக்குக் கிடைக்காத நெய்யையும் பாலையும் கறியையும் தானும் தொடுவதில்லை என்று இருந்ததாக வரலாற்றில் படிக்கிறோம். சந்தைக்கு வந்த நெய்யையும் பாலையும் பணியாள் அதிக விலைக்கு வாங்கிவந்தபோது, தர்மம் செய்துவிடு என்று அனுப்பினாராம். எண்ணெயும் ரொட்டியுமாகத் தின்று அவர் நிறமே கறுத்துப்போனதாகச் சொல்வார்கள். நெய் ஹலால்தான், பாலும் ஹலால்தான். இருந்தும் அந்த ஆண்டு அவருக்கு அது இறங்கவில்லை.

வீட்டுக்குள் வருவோம். அஸர் தொழுகை முடிந்ததிலிருந்து வாணலி முன் நிற்பவரும் நோன்பாளிதான். சமோசாவுக்கு மடிக்க வேண்டும், கட்லெட்டுக்குப் பிசைய வேண்டும், நன்னாரி சர்பத் கலக்க வேண்டும். உப்புப் பார்க்க நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிட்டு, மறுபடி எண்ணெய்ப் புகைக்குள் முகத்தை நீட்ட வேண்டும். ஆண்கள் குர்ஆன் ஓதிக்கொண்டிருப்பார்கள், அல்லது மின்விசிறிக்குக் கீழே படுத்திருப்பார்கள். பாங்கு சொல்லும்போது எட்டு வகை விரிப்பில் இருக்கும். கடைசியாக வந்து உட்காருபவர் பேரீத்தம்பழம் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு யாருக்குத் தண்ணீர் வேண்டும் என்று பார்ப்பார். தராவீஹுக்கும் அவர் களைத்துப்போய்த்தான் நிற்பார், பின்னிரவில் சஹருக்கு முதலில் எழுவதும் அவர்தான். மிஞ்சிய பாதி சமோசா மறுநாள் காலை குப்பையில் கிடக்கும். மேசையில் இருப்பது ஹலாலா என்று கேட்கும் வீடு, அந்தப் பெண்ணின் மாலைப் பொழுதைத் தின்பது ஹலாலா என்றும் ஒருநாள் கேட்டுப் பார்க்கட்டும். வீட்டு வேலைகளில் கைகொடுத்தவர் என்றுதானே நபிகளைப் பற்றி ஆயிஷா நாயகி சொல்கிறார்?

இத்தனைக்கும் பள்ளிவாசல் தேக்சாவில் கொதிக்கும் நோன்புக் கஞ்சியே போதும். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, கொஞ்சம் கைமா, கடைசியில் தேங்காய்ப்பால். அரிசியை அரசு தருகிறது, மற்றதை ஜமாஅத் போட்டுக்கொள்கிறது. முதலாளிக்கும் சுமைதூக்குகிறவருக்கும் அதே கஞ்சி. பக்கத்துத் தெரு மாரியம்மாள் பேரனும் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பான். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019-லேயே தடை வந்துவிட்டது. கொதிக்கும் கஞ்சியை இன்னமும் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கும் ஊர்களும் இருக்கின்றன. தூக்குவாளி கொண்டுவராதவருக்குக் கஞ்சி இல்லை என்று இரண்டு நாள் சொன்னால் மூன்றாம் நாள் எல்லோர் கையிலும் வாளி இருக்கும்.

நம் கேள்வி எங்கே நின்றுவிடுகிறது என்பது ஃபித்ரா கொடுக்கும்போது இன்னும் வெளிச்சமாகிறது. பெருநாள் தொழுகைக்கு முன், வீட்டில் தலைக்கு ஒரு ஸாவு தானியம் ஏழைக்குப் போய்ச் சேர வேண்டும். ஏறக்குறைய இரண்டரை கிலோ. நாம் வழக்கமாகச் சாப்பிடும் தானியமாக இருக்க வேண்டும் என்பது சட்டம். நமக்குப் பழைய பொன்னி, ஃபித்ராவுக்குக் கடையில் ‘தர்ம அரிசி’ என்றே தனியாக ஒரு மூட்டை. உங்களுக்குக் கொடுத்தால் முகம் சுளித்து வாங்கும் பொருளைத் தர்மமாகக் கொடுக்காதீர்கள் என்று குர்ஆன் தெளிவாகவே சொல்கிறது. இந்த ஒரு இடத்தில் என் வாப்பா அசைந்ததே இல்லை. வீட்டு உலைக்குப் போகும் மூட்டையிலிருந்துதான் அளப்பார்.

இந்த வருடம் எங்கள் வீட்டில் கஞ்சியோடு இன்னும் ஒரு வகை, அதற்கு மேல் இல்லை என்று பேசியிருக்கிறோம். அந்த ஒன்றைச் செய்வது ஆண்பிள்ளைகள் வேலை. “விருந்தாள் வந்தா என்ன செய்வீங்க, ஊர் சிரிக்காதா?” என்கிறார் லாத்தா. அதற்கு இன்னும் யாரிடமும் சரியான பதில் இல்லை. என் மகன் மட்டும் அந்த ஒரு வகை எது என்பதில் பிடிவாதமாக இருக்கிறான். சமோசாதானாம், மடிக்கவும் அவனே கற்றுக்கொள்கிறானாம்.