ஓய்வு பெற்றவர் யார்?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கலிபோர்னியா எல்லையை ஒட்டி, குவார்ட்சைட் என்றொரு சிற்றூர் உள்ளது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் ஏறக்குறைய 2,400 பேர். கோடையில் வெப்பம் 45 பாகை செல்சியஸைத் தாண்டும். தெருவில் ஆள் நடமாட்டம் இராது. அக்டோபர் பிறந்ததும் காட்சி மாறத் தொடங்குகிறது. வட மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் முதியோர் சாரிசாரியாக வந்து இறங்குகின்றனர். கடுங்குளிரிலிருந்து தப்பித் தெற்கு நோக்கி வருவதால் அவர்களைப் 'பனிப்பறவைகள்' என்று அழைப்பர். அவர்களுள் பெரும்பாலோர் தங்குவது விடுதிகளில் அன்று. தாம் ஓட்டி வரும் வீட்டு வண்டிகளிலேயே. படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிப்பறை அனைத்தும் அடங்கிய அவ்வண்டியை அங்கே ஆர்.வி. என்பர்.

ஊருக்குத் தெற்கே லா போசா என்னும் பாலைநிலத்தை மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை நீண்டகாலத் தங்கலுக்கென ஒதுக்கியுள்ளது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதங்களும் அங்கே தங்குவதற்கு 2023-இல் கட்டணம் 180 டாலர். நீர் நிரப்பவும் கழிவுநீரை வெளியேற்றவும் வசதி உண்டு. மின் இணைப்பு கிடையாது. சூரியத் தகடுகளிலிருந்து பெறும் மின்சாரத்தைச் சேமித்துக்கொள்ள வேண்டியதுதான். சுற்றிலும் கூழாங்கற்கள், முட்புதர்கள், ஆங்காங்கே ஆள் உயரத்தைப் பன்மடங்கு விஞ்சி நிற்கும் சகுவாரோ கள்ளிகள். பார்ப்பவர்க்கு இது நம் முன்னோர் வகுத்த வானப்பிரஸ்தத்தை நினைவூட்டக்கூடும். பெரிய வீட்டை விற்று, பொருள்களைப் பிள்ளைகளுக்கும் அண்டை அயலாருக்கும் கொடுத்துவிட்டு, வண்டியில் அடங்குமளவே போதும் என்று புறப்பட்டவர்கள் அல்லவா இவர்கள்!

ஒப்புமை சரிதானா என்று அறிய, அத்தகைய தம்பதி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். கணவருக்கு வயது எழுபத்தொன்று. மினசோட்டா மாநிலத் தொழிற்சாலை ஒன்றில் கடைசல் இயந்திரத்தில் நாற்பதாண்டுகள் உழைத்து, ஆறாண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவர். மனைவி இரண்டு வயது இளையவர். மூன்று பிள்ளைகளை வளர்த்தவாறே ஒரு பள்ளி அலுவலகத்தில் பாதிநேரப் பணியும் பார்த்தவர். வண்டி வாழ்க்கைக்கு வந்தபின் இருவரும் வாரம் இரண்டு முறையேனும் ஊருக்குள் சென்று உணவு விடுதியில் உண்பது வழக்கமாயிற்று. மற்ற நாள்களில் கணவர் வண்டியைப் பழுது பார்ப்பார்.

பழுதுக்குக் குறைவே இல்லை. வீடு என்பது நிற்பதற்காகக் கட்டப்படுவது. அதை ஓட வைத்தால் ஒவ்வொரு பயணமும் அதற்குச் சிறு நிலநடுக்கமே. திருகுகள் தளரும், குழாய் இணைப்புகள் கசியும். பாலைவனத்து எலிகள் மின்கம்பிகளைக் கடித்துவிடும். பழைய வண்டிகளில் குளிர்பதனப் பெட்டி சமையல் வாயுவின் சுடரால் இயங்கும். தீயால் குளிர்ச்சி பெறும் அந்த விந்தைப் பெட்டி, வண்டி மட்டமாக நிற்காவிடில் பழுதாகிவிடும். எல்லாவற்றிலும் கவனம் வேண்டுவது கூரை. காற்றுப்போக்கிகளைச் சுற்றிப் பூசிய பசை வெயிலில் வெடித்தால், அடுத்த மழையில் நீர் உள்ளே இறங்கும். கண்ணுக்குத் தெரியாமல் உள்மரம் இற்றுப் போகும்.

ஜனவரி மாதத்து வெள்ளிக்கிழமை மாலை ஒன்று. மனைவி வெளியே புறப்படுவதற்கு ஆயத்தமாக உடை மாற்றிக்கொண்டு நிற்கிறார். மேற்கே மேகம் திரள்கிறது. கணவர் கூரையின் மேல் பசைக்குழாயுடன் அமர்ந்திருக்கிறார். அங்கிருந்தபடியே, இன்று வேலை முடியாது, வீட்டிலேயே ஏதாவது சமைத்துவிடலாமே என்கிறார். கடுஞ்சொல் ஒன்றும் இல்லை. ஆனால் மனைவி ஏணியருகே வந்து ஒரு கேள்வி கேட்கிறார்: கணவர் ஓய்வு பெற்ற நாளில் கேக் வெட்டினார்கள், கைக்கடிகாரம் பரிசளித்தார்கள், தாம் ஓய்வு பெற்ற நாள் எது?

மேலோட்டமாக நோக்கினால் நியாயம் கணவர் பக்கமே இருப்பதாகத் தோன்றும். அவர் சும்மா இருக்கவில்லை. எழுபது வயதுக்கு மேல் வெயிலில் உழைக்கிறார். மனைவி நாடுவதோ நாவின் சுகம். உழைப்பு உயர்ந்தது, விடுதி உணவு போகம் என்று தீர்ப்பு எழுதிவிடுவது எளிது. ஆன்மிகம் பேசுவோரும் இத்தகைய தீர்ப்புகளை எளிதில் எழுதிவிடுகின்றனர்.

அந்தக் குவார்ட்சைட்டிலிருந்து ஒரு பகல் பயணத்துக்கும் குறைந்த தொலைவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் உள்ளது. 1900-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள், இதே போன்றதொரு குளிர்காலத்தில், அங்கே சுவாமி விவேகானந்தர் கர்மத்தின் ரகசியத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். குறிக்கோளில் வைக்கும் கவனத்தை அதை அடையும் வழியிலும் வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். கூரையின் வெடிப்பை விரலால் தடவித் தேடி, பழைய பசையைச் சுரண்டி, துடைத்து உலர்த்திப் புதிதாகப் பூசும் முதியவரிடம் அந்தக் கவனம் நிச்சயமாக இருக்கிறது. ஆயினும் சுவாமிஜி அத்துடன் நிறுத்தவில்லை. ஒரு வேலையில் முழுமையாக ஈடுபடும் ஆற்றலோடு, வேண்டும்போது அதிலிருந்து விலகும் ஆற்றலும் வேண்டும் என்றார். இந்த இரண்டாவது அளவுகோலை வைத்துப் பார்க்கும்போதுதான் சிக்கல் வெளிப்படுகிறது.

கணவர் பசைக்குழாயைக் கீழே வைக்க முடியும். ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு மறுநாள் காலையில் தொடர முடியும். அவருக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது. தொழிற்சாலையில் மேற்பார்வையாளரின் கீழ் செய்ததைத் தமக்கெனச் செய்கிறார். மனைவியின் கையிலிருந்த அகப்பையோ ஐம்பதாண்டுகளாகக் கீழே வைக்கப்பட்டதில்லை. வீட்டின் அளவு குறைந்தது, அறைகள் குறைந்தன, வேளைக்கு இரண்டு தட்டுகளாயின. சமைக்க வேண்டியவர் யார் என்பது மட்டும் மாறவில்லை. அவ்வகையில் அவர் விடுதியில் உண்ணும் அந்த ஒரு மணி நேரத்தைப் போகம் என்பதைவிட ஓய்வூதியம் என்பதே பொருந்தும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்பதன்றோ கீதையின் உபதேசம்? உடல் வருத்தத்துக்கு அஞ்சிக் கர்மத்தை விடுவதை ராஜஸத் தியாகம் என்று பதினெட்டாம் அத்தியாயம் விலக்கவில்லையா? உண்மையே. ஆனால் அந்த உபதேசம் யாருக்கு யார் சொல்வது என்பதில் கருத்தூன்ற வேண்டும். பற்றின்மை, மனிதன் தன்னை நோக்கித் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய சொல். உணவுக்காகக் காத்திருப்பவர் சமைப்பவரை நோக்கி அதைச் சொன்னால், சொல் அதுவே ஆயினும் பொருள் சுரண்டலாகிவிடுகிறது. அர்ஜுனனுக்கு உபதேசித்த கண்ணன் தேரை ஓட்டிக்கொண்டிருந்தான். தேருக்குள் சாய்ந்து அமர்ந்திருக்கவில்லை.

வானப்பிரஸ்தம் பற்றிய நூல்களிலும் இவ்விடம் சற்று மங்கலாகவே உள்ளது. தோல் சுருங்கி, தலை நரைத்து, பேரப்பிள்ளையைக் கண்டபின் இல்லறத்தான் காடு செல்லலாம் என்கிறது மனுஸ்மிருதி. மனைவியைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம், அல்லது உடன் அழைத்துச் செல்லலாம். முடிவெடுப்பவன் அவன். பிருஹதாரண்யக உபநிஷதத்தில் யாக்ஞவல்கியர் துறவு பூண எண்ணித் தம் செல்வத்தை மனைவியர் இருவருக்கும் பங்கிட முன்வருகிறார். மைத்ரேயி அந்த ஏற்பாட்டை அப்படியே ஏற்காமல் கேள்வி கேட்டதால்தான் ஆத்மாவைப் பற்றிய அரிய உபதேசம் உலகுக்குக் கிடைத்தது. அவ்வுரையாடல் நிகழ்ந்த நாளில் உலை வைத்தவர் காத்யாயனியாகத்தான் இருந்திருக்க வேண்டும். உபநிஷதம் அதைச் சொல்லவில்லை.

மனைவியின் பக்கமும் முழுத் தூய்மை உடையதன்று. விடுதியில் அவருக்குக் காப்பி ஊற்றும் பணிப்பெண்ணுக்கும் அவர் வயதே இருக்கலாம். அவரும் ஒரு பழைய வேனில் உறங்கி எழுந்து வந்தவராக இருக்கலாம். 2008-ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின், வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியோர் பலர் வண்டிகளில் குடியேறி, பருவந்தோறும் கிடங்குகளிலும் முகாம்களிலும் வயல்களிலும் கூலிவேலை தேடி அலைவதை ஜெசிகா புரூடர் 2017-இல் வெளியான 'நோமட்லேண்ட்' என்ற நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார். அந்நூலிலும் குவார்ட்சைட் வருகிறது. ஒரே பாலைவனத்தில், ஒரே வகை வண்டிகளில், விரும்பி வந்தவரும் வேறு வழியின்றி வந்தவரும் அருகருகே நிற்கின்றனர். தம் ஐம்பதாண்டுச் சுமையை உணர்ந்த அப்பெண்மணி, தம் ஒரு மணி நேர ஓய்வை இன்னொருத்தியின் கால்வலி தாங்கி நிற்பதையும் உணர்வாரா? மேசையில் வைக்கும் சில டாலர்கள் அதற்கு முழு விடையாகா. வைக்காமல் எழுவதோ இன்னும் மோசம்.

அந்த மாலை அவர்கள் வெளியே சென்றார்களா என்பது அவ்வளவு முக்கியமன்று. மழை பெய்ததா என்பதும் அப்படியே. கேள்விக்குப் பின் கணவர் கண்டது வேறொன்று. உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. கழிவுநீர்த் தொட்டியின் அடைப்பான்களுள் எதை முதலில் திறப்பது என்பது மனைவிக்குத் தெரியாது. அடிமேல் அடி வைத்துக் கூரையிலிருந்து இறங்கும்போது ஏணியைப் பற்றிய அவர் கை நடுங்கிற்று. ஒருவர் முந்தினால் மற்றவர் இந்தப் பாலைவனத்தில் ஒரு வாரம்கூடத் தனித்து வாழ இயலாது. 1978-இல் தொடங்கப்பட்ட எஸ்கேப்பீஸ் என்னும் வீட்டு வண்டியாளர் சங்கம், இனி பயணம் செய்ய இயலாத தன் முதிய உறுப்பினர்களுக்கென டெக்சாஸ் மாநிலத்து லிவிங்ஸ்டனில் ஒரு பராமரிப்பு நிலையத்தை நடத்துகிறது. வண்டியை நிறுத்திவிட்டு அதிலேயே வாழலாம். உணவும் உதவியும் அவர்களே தருவர். அங்கே போக வேண்டிய நாளைப் பற்றி இத்தம்பதி அதுவரை பேசியதே இல்லை. அன்றிரவு பேசினார்கள்.

மார்ச் மாதத்தில் ஒரு காலை, மனைவி ஏணியில் நின்று கூரை விளிம்பில் பசை பூசிக்கொண்டிருந்தார். வளைந்து வளைந்து கோடு போயிற்று. கீழே அடுப்பில் அப்பம் ஒன்று கருகியது. கணவர் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடுத்த கரண்டி மாவை ஊற்றினார்.